குளிரூட்டியைப் பேணுதல்

மாணவ மாணவியரே,

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்கள் பாடநூலில் இல்லை. ஆயினும் உங்களுள் பலருடைய வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஏ.சி. என்று இரண்டெழுத்தில் நாம் அழைக்கும் குளிரூட்டியே அது. அதனை வாங்குவதற்குப் பல கடைகள் ஏறி இறங்குகிறோம். நட்சத்திர முத்திரையை எண்ணிப் பார்க்கிறோம். மாதத் தவணையும் கட்டுகிறோம். வாங்கி மாட்டிய பின்னரோ, குளிர்ச்சி போதவில்லை என்று குறைப்படும் நாள்வரையில் அதன் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. இப்படி விட்டுவிடுவதால் மின்கட்டணம் ஏறுகிறது, உடல்நலம் கெடுகிறது, சில வேளைகளில் உயிருக்கும் தீங்கு நேர்கிறது. ஆகவே இப்பொறியைப் பேணுவது எவ்வாறு, எந்த வேலையை வீட்டாரே செய்துகொள்ளலாம், எந்த வேலையில் கை வைத்தலாகாது என்பன பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு வினா. குளிரூட்டி குளிரை உண்டாக்குகிறதா? வகுப்பில் இவ்வினாவை எழுப்பியபோதெல்லாம், ஆம் என்றே பெரும்பாலான மாணவர் எனக்கு விடையிறுத்தனர். குளிர் என்பது தனியே ஒரு பொருளன்று. வெப்பம் குறைந்த நிலைக்கே அப்பெயர். அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய் வெளியே கொட்டுவதுதான் குளிரூட்டியின் தொழில். கிணற்று நீரை இறைத்துக் கரையில் ஊற்றும் ஏற்றத்தை நீங்கள் பார்த்திராவிட்டாலும் உங்கள் பாட்டனார் பார்த்திருப்பார். அதற்கு ஒப்பானது இது. வெப்பம் உள்ளிருந்து வெளியே செல்லும் வழியில் எங்கெங்கே அடைப்பு நேரும் என்று பார்த்து, அதனை அவ்வப்போது நீக்குவதே பேணுதல். இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், இனி நான் சொல்லப்போகும் ஒவ்வொன்றுக்கும் காரணம் உங்களுக்கே விளங்கும்.

ஊசி போடுமுன் தாதி உங்கள் கையில் ஸ்பிரிட் தடவுகிறார். தடவிய இடம் சில்லென்கிறது. திரவம் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அதனை உங்கள் தோலிலிருந்து அது எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனாலேயே. குளிரூட்டியின் குழாய்களில் ஓடும் பொருள் ஸ்பிரிட்டைக் காட்டிலும் மிக விரைவில் ஆவியாகக் கூடியது. இக்காலத்தில் வீடுகளில் மிகுதியாக வழங்கும் ஆர்-32 என்னும் பொருள், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், சுழிக்குக் கீழ் ஏறத்தாழ 52 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். சுவரில் மாட்டிய உட்பெட்டியின் செப்புக் குழாய்களில் அது ஆவியாகி, அறைக் காற்றின் வெப்பத்தை உட்கொள்கிறது. அந்த ஆவியை, வெளிப்பெட்டியில் உள்ள கம்ப்ரஸர் என்னும் அமுக்குபொறி நெருக்குகிறது. நெருக்குண்ட ஆவி வெளிக்காற்றினும் சூடேறுகிறது. விசிறி அதன்மேல் வெளிக்காற்றை வீச, வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் திரவமாகிறது. பின்னர் ஒரு குறுகிய வழியாகப் புகுந்து, அழுத்தம் தணிந்து, குளிர்ந்து, மறுபடியும் உட்பெட்டிக்கு வந்து சேர்கிறது. இந்தச் சுற்றோட்டத்தில் அப்பொருள் சிறிதும் செலவாவதில்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தந்தையாரின் பணத்தைக் காக்கும் செய்தி ஒன்று பின்னர் இதிலிருந்து பிறக்கும்.

இனி முதல் அடைப்பைப் பார்ப்போம். உட்பெட்டியின் முன்மூடியை மேல்நோக்கித் தூக்கினால், மெல்லிய வலை பொருத்திய சட்டங்கள் தென்படும். ஃபில்டர் என்று வழங்கும் வடிகட்டிகள் இவை. அறைக்காற்று முழுவதும் மறுபடி மறுபடி இவ்வலையின் வழியாகவே குழாய்களுக்குச் செல்கிறது. மெத்தையிலிருந்தும் தலையணையிலிருந்தும் உதிரும் பஞ்சு, முகத்தில் பூசும் மாவு, ஊதுவத்திச் சாம்பல், தெருப்புழுதி, நம் தோலிலிருந்தே உதிரும் செதில் இவையெல்லாம் அதில் வந்து படியும். ஒரு மாதம் தொடாமலிருந்த வடிகட்டியை எடுத்துப் பாருங்கள். வலையே தெரியாது, சாம்பல் நிறக் கம்பளித் துண்டுபோல் இருக்கும். அத்தனையும் நாம் சுவாசிக்கும் அறையில் மிதந்தவை என்பதை நினைத்தால், அதனைக் கழுவுவதற்கு வேறு தூண்டுதல் வேண்டியதில்லை.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை இதனைக் கழுவ வேண்டும். பெருஞ்சாலை ஓரத்து வீடாயினும், அருகில் கட்டட வேலை நடப்பதாயினும், வாரம் ஒருமுறை கழுவுதல் நன்று. முதலில் சுவிட்சை அணைத்து, ப்ளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ஆடாத ஏணியின் மேலோ உறுதியான முக்காலியின் மேலோ நின்று சட்டத்தை மெல்லக் கழற்றுங்கள். சக்கரம் வைத்த சுழல் நாற்காலியில் ஏறி நிற்கும் வீரம் வேண்டா. குழாயடியில் பிடிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தூசி படிந்த பக்கத்தில் நீரைப் பாய்ச்சினால் அழுக்கு வலைக்கண்களில் இன்னும் ஆழப் புகும்; மறுபக்கத்திலிருந்து பாய்ச்சினால் வந்த வழியே வெளியேறும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சிறிது சோப்பு நீர் போதும். கொதிநீர் கூடாது, முரட்டுத் தூரிகையும் கூடாது. கழுவியதை நிழலில் உலர்த்துக. கடும் வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்து, திரும்ப மாட்டும்போது பொருந்தாமற் போகும். ஈரத்தோடு மாட்டினாலோ பூஞ்சை பிடிக்கும். எல்லாம் சேர்ந்து கால் மணி நேர வேலை. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பெரியவர் ஒருவர் அருகிலிருக்க இதனைச் செய்யலாம். இதற்கென ஆளை அழைத்துக் கூலி கொடுப்பது எனக்கு நாணத் தக்கதாகவே தோன்றுகிறது.

கழுவாமல் விட்டால் நேர்வது யாது? பலரும் நினைப்பதுபோல் குளிர்ச்சி சிறிது குறைவதோடு முடிவதில்லை. காற்று வரத்துக் குறையவே, குழாய்க்குள் ஓடும் திரவத்திற்குப் போதிய வெப்பம் கிட்டுவதில்லை. குழாயின் வெப்பநிலை இறங்கிக்கொண்டே போய்ச் சுழிக்கும் கீழே சென்றுவிடுகிறது. குழாயின் மேல் படியும் ஈரம் உறைந்து பனிக்கட்டியாகிறது. அப்பனி தகடுகளின் இடைவெளியை அடைக்கிறது. காற்று மேலும் குறைகிறது. பனி மேலும் தடிக்கிறது. குளிரூட்டிக்குள் பனி மலிந்திருக்க, அறை மட்டும் புழுங்குகிறது! வேடிக்கை இதோடு நிற்பதில்லை. ஆவியாகாத திரவம் கம்ப்ரஸருக்குள் புகுந்துவிடக் கூடும். ஆவியை நெருக்கலாம், திரவம் நெருக்குதலுக்கு இணங்காது என்பது நீங்கள் படித்ததுதான். அதனால் பொறியின் விலையுயர்ந்த உறுப்பே பழுதாகிறது. எனவே, உட்பெட்டியில் பனி படர்ந்திருக்கக் கண்டால் குளிரூட்டுவதை உடனே நிறுத்தி, விசிறியை மட்டும் ஓடவிட்டு, பனி முழுவதும் உருகும் வரையில் காத்திருங்கள். கத்தியாலோ திருப்புளியாலோ பெயர்க்க முற்படாதீர்கள். அலுமினியத் தகடுகள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமே உள்ளவை. அவற்றின் ஊடே செல்லும் செப்புக் குழாயில் ஊசிமுனைத் துளை விழுந்தாலும் உள்ளிருக்கும் வாயு முழுவதும் போய்விடும். வடிகட்டி தூய்மையாக இருந்தும் பனி பிடிக்குமாயின், வாயு குறைந்திருத்தல் கூடும். அப்போது மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். ஏர் கண்டிஷனர் என்னும் ஆங்கிலப் பெயருக்குக் குளிரூட்டி என்பது நேர்ப்பொருளன்று. காற்றைப் பதப்படுத்துவது என்பதே பொருள். சோற்றுக்குப் பதம் உண்டு, பாகுக்குப் பதம் உண்டு. காற்றுக்கும் பதம் உண்டு. 1902-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தார்க்கு ஓர் இடர் ஏற்பட்டது. ஒரே தாளைப் பலமுறை அச்சுப்பொறியில் செலுத்தி ஒவ்வொரு முறையும் ஒரு வண்ணமாகப் பதிப்பார்கள். கோடை நாளின் ஈரக் காற்றால் தாள் நீண்டும் சுருங்கியும் போகவே, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழவில்லை. இருபத்தைந்து வயதே ஆன வில்லிஸ் கேரியர் என்னும் பொறியாளர், குளிர்ந்த குழாய்களின் மேல் காற்றைச் செலுத்தி அதிலுள்ள ஈரத்தைக் குறைக்கும் ஓர் அமைப்பை வகுத்தார். மனிதருக்குச் சுகம் தருவதற்கு முன்னரே தாளுக்குச் சுகம் தந்தது இப்பொறி! ஏர் கண்டிஷனிங் என்னும் பெயரை 1906-இல் வழங்கியவர் நெசவாலைகளில் பணி செய்த ஸ்டுவர்ட் கிரேமர் என்னும் மற்றொரு பொறியாளர்.

ஈரத்தை அகற்றுவது இன்றும் குளிரூட்டியின் பாதித் தொழில். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில், புழுக்கமான நாளில் ஒன்றரை டன் குளிரூட்டி ஒன்று மணிக்கு ஓரிரு லிட்டர் தண்ணீரைக்கூட வடித்துவிடும். நீராவி ஒரு லிட்டர் நீராக மாறும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை வெளியிடும். அதனையும் சுமந்து வெளியேற்ற வேண்டிய பொறுப்புக் குளிரூட்டிக்கே உரியது. கதவைத் திறந்து திறந்து மூடும் வீட்டில் மின்கட்டணம் ஏறுவது ஏன் என்பதை இக்கணக்கால் அறியலாம்.

வடியும் நீர் உட்பெட்டியின் அடியில் உள்ள தட்டில் சேர்ந்து, ஒரு குழாய் வழியே வெளியேறுகிறது. ஈரமும் இருளும் தூசியும் ஒருங்கே உள்ள இடத்தில் பாசியும் வழுவழுப்பான அழுக்கும் வளர்வதற்குக் கேட்க வேண்டுமா? குழாய் அடைத்துக்கொள்ளும், நீர் தட்டை நிரப்பிச் சுவர் வழியே இறங்கும். மேசைமேல் வைத்த புத்தகங்களோ கணிப்பொறியோ நனைந்த பின்னரே நாம் விழித்துக்கொள்கிறோம். குளிரூட்டி ஓடும்போது வெளிக்குழாயின் நுனியில் நீர் சொட்டுகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். புழுக்கமான நாளில் சொட்டவில்லையென்றால் எங்கோ அடைப்பு என்று அறிக. குழாய் எங்கும் மேடு ஏறாமல் கீழ்நோக்கிச் சரிந்தே செல்ல வேண்டும். அதன் நுனி வாளித் தண்ணீரில் மூழ்கிக் கிடத்தலும் ஆகாது. இந்நீரைத் தரை துடைக்கவும் செடிக்கு ஊற்றவும் பயன்படுத்தலாம். காய்ச்சி வடித்த நீர்போல் தெளிந்திருப்பதைக் கண்டு குடித்துவிடாதீர்கள். அது தூசி படிந்த தகடுகளையும் பாசி பிடித்த தட்டையும் கழுவி வந்த நீர்.

1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஒரு விடுதியில் கூடிய முன்னாள் போர்வீரர் பலர் நுரையீரல் நோயுற்று இறந்தனர். அந்நோயின் கிருமி அடுத்த ஆண்டில் கண்டறியப்பட்டது. கட்டடத்தின் குளிரூட்டும் அமைப்பின் வழியே அது பரவியிருக்கலாம் என்று கருதினர். நீரைத் தெளித்துக் குளிர்விக்கும் கோபுரங்கள் பெருங்கட்டடங்களுக்கே உரியவை. வீட்டுக் குளிரூட்டியில் அவை இல்லை. ஆகவே அந்த அச்சம் நமக்கு வேண்டா. எனினும், உட்பெட்டியில் வளரும் பூஞ்சை தும்மலையும் இழுப்பையும் தூண்டவல்லது. பொறியைப் போட்டவுடன் ஈரத்துணி நாற்றம் வருமானால், தகடுகளையும் உள்விசிறியையும் நன்றாகக் கழுவச் செய்ய வேண்டும் என்பதே அதன் பொருள். வாசனைத் திரவியம் தெளிப்பது அதற்கு மருந்தாகாது. நிறுத்துவதற்கு முன்னர்ச் சிறிது நேரம் விசிறியை மட்டும் ஓடவிட்டால் உள்ளே ஈரம் உலரும், நாற்றமும் குறையும்.

வெளிப்பெட்டிக்கு வருவோம். குளிரூட்டியின் அளவை டன் என்று சொல்கிறோமே, அது பொறியின் எடையன்று. அமெரிக்க அளவில் ஒரு டன், அதாவது ஏறத்தாழ 907 கிலோகிராம் பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உட்கொள்ளுமோ அவ்வளவு வெப்பத்தை அகற்றும் ஆற்றலுக்கு ஒரு டன் என்று பெயர். பனிக்கட்டியை ஏரிகளில் வெட்டிக் கப்பலில் ஏற்றி விற்ற காலத்தின் நினைவு அச்சொல்லில் தங்கியிருக்கிறது. சென்னைத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில், இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் கட்டடம், அமெரிக்காவிலிருந்து வந்த அப்பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842-இல் எழுப்பப்பட்டதே. ஐஸ் ஹவுஸ் என்னும் பழைய பெயர் இன்னும் வழக்கில் உண்டு. ஒரு டன் என்பது ஏறத்தாழ மூன்றரைக் கிலோவாட். எனவே ஒன்றரை டன் குளிரூட்டி அறையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோவாட் வெப்பத்தை எடுக்கிறது. அதற்காக ஒன்றரைக் கிலோவாட் அளவுக்கு மின்சாரத்தையும் உண்கிறது. இரண்டும் சேர்ந்து ஆறரைக் கிலோவாட் வெப்பம் வெளிப்பெட்டியின் வழியாகவே வெளியேற வேண்டும். இத்துணை வெப்பத்தை உதற வேண்டிய பெட்டியைச் சிலர் நான்கு புறமும் சுவர் எழுப்பி அடைக்கிறார்கள். அதன்மேல் போர்வையை உலர்த்துகிறார்கள். புறாக் கூட்டையும் பொறுத்துக்கொள்கிறார்கள். சூடான காற்றையே அது திரும்பத் திரும்ப இழுக்க நேர்ந்தால், கம்ப்ரஸர் மூச்சுத் திணறி ஓடும், மின்சாரம் வீணாகும்.

பெட்டியின் முன்னும் பின்னும் காற்றுக்கு இடம் விடுங்கள். தகடுகளில் படிந்த புழுதியையும் வேப்பிலைச் சருகையும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை, மின்சாரத்தைத் துண்டித்த பின்னர், மிதமான நீர்ப்பாய்ச்சலால் கழுவச் செய்யுங்கள். கடற்கரை வீடுகளில் உப்புக்காற்று அலுமினியத்தை அரித்துவிடுமாதலின், அங்கே இன்னும் அடிக்கடி கழுவ வேண்டும். பல்லியும் எறும்பும் உள்ளே புகுந்து மின்பலகையைக் கெடுப்பதும், எலி கம்பியைக் கடிப்பதும் நம் நாட்டில் மெக்கானிக்குகள் நாள்தோறும் காணும் காட்சிகள். மாடியில் சன்ஷேடின் மேல் வைத்த பெட்டியைக் கழுவ நீங்கள் இறங்கலாகாது. வரும் தொழிலாளியும் இடுப்பில் கயிறு கட்டாமல் இறங்க முற்பட்டால், வேண்டாம் என்று தடுங்கள். அவர் அவசரப்படுவார், நாம் அவசரப்படுத்தலாகாது. புது வீடு கட்டுவோர் எட்டிப் பிடிக்கத் தக்க இடத்தில் அப்பெட்டிக்கு மேடை அமைத்தால், ஒருவருடைய உயிரைப் பணயம் வைக்காமலே ஆண்டுதோறும் அதனைப் பேணலாம்.

முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன செய்தி இப்போது பயன்படும். குழாய்க்குள் ஓடும் பொருள் செலவாவதில்லை என்றேன். அப்படியானால், ‘கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்ப வேண்டும்’ என்று ஆண்டுதோறும் கேட்கும் சொல்லுக்குப் பொருள் யாது? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார் மூன்று கோடை தொடர்ந்து வாயு நிரப்பினர். ஒவ்வொரு முறையும் சில ஆயிரம் ரூபாய் கொடுத்தனர். மூன்றாம் ஆண்டு, மேனிலைப் பள்ளியில் பயிலும் அவ்வீட்டுப் பெண், ‘மூடிய குழாயிலிருந்து அது எங்கே போயிற்று?’ என்று கேட்டாள். வந்தவரிடம் விடையில்லை. வேறொருவரை அழைத்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்க்கச் செய்தார்கள். வெளிப்பெட்டியில் குழாய் சேரும் திருகு ஒன்றில் சிறு குமிழிகள் எழுந்தன. அதனைச் சரிசெய்த பின்னர் அடுத்த கோடையில் வாயு நிரப்ப வேண்டிய தேவையே ஏற்படவில்லை. அப்பெண் கேட்ட கேள்வியை நீங்களும் கேளுங்கள். கசிவு எங்கே என்று காணாமல் வாயு நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது.

இவ்வேலையில் பணத்தைவிடப் பெரியதும் அடங்கியிருக்கிறது. கசிவைச் சோதிக்கக் குழாயில் உலர்ந்த நைட்ரஜன் வாயுவையே ஏற்ற வேண்டும். கைக்குக் கிட்டியது என்று ஆக்ஸிஜனை ஏற்றினால், கம்ப்ரஸரில் உள்ள எண்ணெயோடு கூடி வெடிக்கும். சோதித்த பின், குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்பினால் அகற்றிவிட்டு, பெட்டியின் மேல் ஒட்டிய தகட்டில் குறித்த எடையளவுக்கு, அதே பெயருள்ள வாயுவை, தராசில் நிறுத்து நிரப்ப வேண்டும். பழைய குளிரூட்டிகளில் இருப்பது ஆர்-22. அது வானத்தில் நம்மைக் காக்கும் ஓசோன் போர்வையைச் சிதைப்பதாதலின், 1987-இல் மான்ட்ரியல் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி உலக நாடுகள் அதனைப் படிப்படியாக விலக்கி வருகின்றன. ஆர்-32 ஓசோனைச் சிதைப்பதில்லை. ஆயினும் பூமியைச் சூடாக்குவதில், எடைக்கு எடை, கரியமில வாயுவினும் ஏறத்தாழ 675 மடங்கு வலியது. சிறிது தீப்பற்றும் இயல்பும் உடையது. ஆர்-290 என்பதோ நம் சமையல் வாயுவோடு உறவுடைய புரோபேன், எளிதில் தீப்பற்றும். தீப்பற்றாத வாயுவுக்கென அமைந்த பழைய பொறியில், மலிவு கருதி எரியும் வாயுவை நிரப்புவது வீட்டுக்குள் வெடிகுண்டை வைப்பதை ஒக்கும். வந்தவர் எந்த வாயு என்று சொல்லத் தயங்கினால், வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். வாயு கசிந்ததாக ஐயம் எழுந்தால் சன்னல்களைத் திறந்து, நெருப்பை விலக்கி, அறையை விட்டு வெளியேறுங்கள்.

மின்சாரம் பற்றிச் சுருங்கச் சொல்கிறேன். ஒன்றரைக் கிலோவாட் என்பது 230 வோல்ட்டில் ஏறத்தாழ ஆறரை ஆம்பியர். அது சில நிமிடம் ஓடும் மின்னோட்டமன்று. இரவு முழுவதும் ஓடுவது. கம்பி மெலிந்திருந்தாலும் ப்ளக் தளர்ந்திருந்தாலும் அவ்விடம் சூடேறும். மின்னோட்டத்தின் இருமடிக்கும் தடைக்கும் ஏற்ப வெப்பம் எழும் என்னும் ஜூலின் விதியை நீங்கள் தேர்வில் எழுதுகிறீர்கள். சுவரில் கருகும் ப்ளக் அதே விதியைத்தான் எழுதிக் காட்டுகிறது. தனிக் கம்பி, 16 ஆம்பியர் ப்ளக், சரியான எர்த் இணைப்பு, கசிவு நேர்ந்தால் தானே துண்டிக்கும் கருவி இந்நான்கும் இன்றிக் குளிரூட்டியை ஓட்டலாகாது. எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகி ஓட்டுவது தீயை அழைப்பதே. ப்ளக்கைச் சுற்றிப் பழுப்பு நிறமோ கருகிய நாற்றமோ தென்பட்டால் அன்றைக்கே மின்பணியாளரை அழையுங்கள். வெளிப்பெட்டியின் மூடியை நீங்கள் கழற்றவே கூடாது. உள்ளே உள்ள மின்தேக்கி, சுவிட்சை அணைத்த பின்னும் மின்னேற்றத்தைத் தாங்கியிருந்து அதிர்ச்சி தரக் கூடும். நிறுத்திய குளிரூட்டியை உடனே மீண்டும் போடாமல் மூன்று நிமிடமேனும் பொறுங்கள். குழாயின் இருபுற அழுத்தமும் சமனான பின்னரே கம்ப்ரஸர் எளிதாகப் புறப்படும்.

எத்தனை டிகிரியில் வைப்பது என்பதும் பேணுதலைச் சேர்ந்ததே. 2020 ஜனவரி முதல், நட்சத்திர முத்திரை பெறும் அறைக் குளிரூட்டிகள் 24 டிகிரியில் தொடங்குமாறு அமைக்கப்பட வேண்டும் என்று இந்திய அரசு விதித்தது. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்கு மின்சாரம் மிச்சமாகும் என்பது அரசின் எரிசக்தித் துறையினர் கூறும் கணக்கு. மின்விசிறியையும் மெல்லச் சுழலவிட்டால் 26 டிகிரியிலேயே நன்றாக உறங்கலாம். 16 டிகிரியில் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்துக்கொள்வதை என்னவென்று சொல்வது!

இன்னொன்றும் உண்டு. வீட்டுக் குளிரூட்டி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. உள்ளிருக்கும் காற்றையே சுழற்றுகிறது. வெளிக்காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 420 பங்கு கரியமில வாயு உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு மூவர் உறங்கும் சிற்றறையில் அஃது எளிதில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். காலையில் எழும்போது தலை கனப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். படுக்குமுன் சிறிது நேரமும், எழுந்தவுடன் சிறிது நேரமும் சன்னலைத் திறந்து வையுங்கள். அவ்வறையில் கொசுவத்தியோ கரியடுப்போ எரிய விடாதீர்கள்.

தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு முழுமையாகச் சரிபார்க்க ஏற்ற காலம் மாசி மாதம். சித்திரையில் அழைத்தால் அவர் வருவதற்குள் கத்திரி வெயில் வந்துவிடும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் வடிகட்டி கழுவிய நாள், சர்வீஸ் செய்த நாள், நிரப்பிய வாயுவின் பெயரும் எடையும் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். ஐப்பசி மழை தொடங்கிக் குளிரூட்டிக்கு வேலையில்லாத போது, உலர்ந்த ஒரு நாளில் அரை மணி நேரம் விசிறியை மட்டும் ஓடவிட்டு உள்ளீரத்தைப் போக்குங்கள். வடிகட்டியைக் கழுவி உலர்த்தி மாட்டுங்கள். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, ரிமோட்டிலிருந்து பேட்டரிகளையும் எடுத்து வைத்துவிடுங்கள். இல்லையேல் நாளடைவில் அவை கசிந்து, உள்ளிருக்கும் தகடுகளை அரித்துவிடக் கூடும்.